ஓரத்தில் நின்றவன்

ஒரு படத்தின் நடுவில் என்ன இருக்கிறது என்பதில் கஸ்மீருக்கு அவ்வளவாக அக்கறை கிடையாது. நடுவில் சூரியன் இருக்கட்டும், சுந்தரி இருக்கட்டும், அதைப் பார்க்க ஊரில் ஆள் இல்லையா என்ன. அவர் கண் நேராக ஓரத்துக்குப் போகும். நாலு பக்கமும் ஒரு சுற்று சுற்றி வரும். அங்கே யாரோ ஒருவரின் பாதிக் கை, ஒரு சைக்கிள் டயர், ஒரு முதுகு என்று ஏதாவது அகப்பட்டுவிட்டால் மனிதர் முகத்தில் தனிக்களை வந்துவிடும். "ஓரத்தைச் சுத்தம் பண்ணுங்க" என்பார். தூத்துக்குடி ஒளிப்பட வட்டத்தில் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

வட்டம் ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்த கையோடு ஒரு பேக்கரியின் மாடியில் கூடும். கீழே மக்ரூன் வேகும் வாசனை மாடிவரை ஏறி வரும். டீச்சர், பல்பொடி ஏஜென்ட், ஹோமியோபதி டாக்டர், ஜெராக்ஸ் கடைக்காரர் என்று கலவையான கூட்டம். கஸ்மீருக்கு வேலை துறைமுக கண்டெய்னர் யார்டில். பெட்டிகளை இம்மி பிசகாமல் அடுக்கவைத்துப் பழகிய கண் அது, படத்திலும் பிசகைத்தான் தேடும்.

ஆரம்பத்தில் வட்டத்தில் ஒரே சளசளப்பாக இருந்தது. உப்பளத்தில் கூடையோடு நடக்கும் பெண்ணை எடுக்காத தூத்துக்குடிப் படக்காரன் இன்னும் பிறக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு உப்பளப் படத்தைக் கொண்டுவருவார்கள். குறை சொன்னால் போதும், வெயிலில் காத்துக் கிடந்தது, பைக் பஞ்சரானது, கால் உப்பில் வெந்தது என்று கதையை அவிழ்ப்பார்கள். கேட்கிறவர்களும் பாவப்பட்டு, நல்ல படம்தான் என்று சொல்லிவிடுவார்கள். இது உருப்படாது என்று கஸ்மீர்தான் ஒரு விதியைக் கொண்டுவந்தார். படம் திரையில் இருக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியதைப் படம் சொல்லட்டும். யாராவது மறந்துபோய் வாயெடுத்தால் கஸ்மீர் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். அவ்வளவுதான், ஆள் அடங்கிவிடுவார். மற்ற ஊர் வட்டங்களில் சண்டையும் சச்சரவுமாக இருக்க, இங்கே மட்டும் கோயில் மாதிரி அமைதி. அதில் எல்லோருக்குமே பெருமைதான்.

அன்றைய ஞாயிறு டாக்டர் இசக்கியப்பனுக்கு முதல் கூட்டம். கேமரா வாங்கிய புதுசு. ஒருபடச் சட்டம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"சார், பொய்ப் படம் பரவுதுன்னு சட்டம் போட்டாங்க, சரி. படத்துக்கு ஒரே ஒரு மூலம்தான், உலகத்துல எவன் எந்தப் போன்ல திறந்தாலும் அதே படம்தான் தெரியும், அதுவும் சரி. ஆனா இங்க திருத்துதீங்களே, அது எப்படி?"

செயலாளர் பூபாலராயர் பொறுமையாக விளக்கினார். எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் கலை என்ன ஆவது என்று படக்காரர்கள் போராடியபோது அரசாங்கம் கொடுத்த சலுகை அது. பதிவு பெற்ற வட்டத்தில் ஒருவர் ஒரு திருத்தத்தைச் சொல்லி மூன்று பேர் கை தூக்கினால், எடுத்தவரும் மறுக்கவில்லை என்றால், மூலமே மாறிவிடும். ஆனால் நீக்கலாமே தவிர எதையும் சேர்க்க முடியாது. சேர்த்தால் பொய், நீக்கினால் அழகு. சட்டத்தின் கணக்கு அது.

"அப்ப பழைய படம் எங்க போவும்?" என்றார் டாக்டர்.

"எங்கயும் போவாது டாக்டர். இருக்காது."

டாக்டர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கஸ்மீரும் சிரித்தார் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து திரையில் வந்தது எமல்டா டீச்சரின் படம். அதிகம் பேசாத பெண், ஆனால் நல்ல கண். முந்தின நாள் விடியற்காலை மீன்பிடித் துறைமுகத்துக்கு வட்டமே படம் எடுக்கப் போயிருந்தது. கஸ்மீருக்கு மட்டும் யார்டில் ட்யூட்டி. டீச்சர் எடுத்திருந்த படத்தில் தங்கி மீன் பிடிக்கிற விசைப்படகுகள் வரிசையாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. வானம் செம்பு நிறம். கடலில் அதன் சாயல். பார்த்த மாத்திரத்தில் எல்லோரும் அடடா என்றார்கள்.

கஸ்மீரின் கண் ஒரு சுற்றுப் போய் வலது ஓரத்தில் நின்றது. கடைசிப் படகின் பின்பக்கம். கல் தடுப்பிலிருந்து ஒருவன் படகுக்குள் ஒரு காலை வைத்தபடி நிற்கிறான். சிவப்புப் பனியன். கட்டைவிரல் அளவு உருவம், முகம் மிளகளவு.

"படம் பிரமாதம் டீச்சர். ஆனா அந்தச் சிவப்பு கண்ணைப் பிடிச்சு இழுக்கு. நடுவுல இவ்வளவு அழகு இருக்கும்போது நம்மள ஓரத்துக்குக் கூப்பிடுது. அந்த ஆள் வேண்டாம்."

எமல்டா வாயைத் திறந்தாள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டாள். முகத்தில் ஏதோ சொல்லப்போகிற ஒரு சிரிப்பு. கஸ்மீர் ஆள்காட்டி விரலை உயர்த்தினார், செல்லமாகத்தான். அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். மூன்று கைகள் உயர்ந்தன. டாக்டரின் கையும் அதில் ஒன்று, முதல் கூட்டத்திலேயே ஓட்டுப் போட்ட சந்தோஷம் அவருக்கு. திரையில் சிவப்புக் கரைந்து அந்த இடத்தில் தண்ணீர் வந்தது. தண்ணீரில் சின்னதாக ஓர் அலைகூட வந்தது. படகின் பின்தளம் துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் எமல்டா அவரிடம் ஏதோ சொல்ல வந்தாள். கஸ்மீருக்கு ஒரு ஞானஸ்நான விருந்து. அடுத்த வாரம் பேசுவோம் டீச்சர் என்று படியிறங்கிவிட்டார்.

அந்த வாரத்தின் நடுவில் ஜெபமாலை என்ற விசைப்படகு திரும்பவில்லை என்ற செய்தி வந்தது. ராத்திரி காற்றில் கவிழ்ந்ததோ, கப்பல் மோதியதோ, யாருக்கும் தெரியவில்லை. உடைந்த பலகைகளும் இரண்டு உடல்களும் கிடைத்தன. படகில் போனவர்கள் நான்கு பேர் என்று முதலாளி சொன்னார். அந்த நான்கு வீடுகளிலும் அழுகுரல் எழுந்தது.

ஐந்தாவதாக ஒரு வீட்டில் அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கஸ்மீரின் தம்பி ஜெரால்டின் மனைவி பெனிட்டா.

அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருஷம் இருக்கும். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு தம்பியாவது தரையில் பிழைக்கட்டும் என்று கஸ்மீர் பலபேர் கையைக் காலைப் பிடித்து அவனுக்கு யார்டில் வேலை வாங்கிக் கொடுத்தார். ஜெரால்டுக்கு இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே மூச்சு முட்டியது. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டுப் படகுக்குப் போய்விட்டான். கஸ்மீருக்கு வந்த கோபத்தில், இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டார். அவனும் முழிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மகளைப் பலகாரத் தட்டோடு அனுப்புவான். கஸ்மீர் தட்டை வாங்கிக்கொண்டு, வேறு பலகாரம் வைத்துத் திருப்பி அனுப்புவார். உறவு அந்தத் தட்டு அளவில் நின்றிருந்தது.

பெனிட்டா அவர் வீட்டுக்கு வந்தபோது உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கடலுக்குப் போறேன், ஒரு ஆளுக்குக் காய்ச்சலாம், கூப்பிட்டாகன்னு சொல்லிட்டுப் போனாக அத்தான். எந்தப் படகுன்னு நான் கேக்கல. போனையும் வீட்டுல சார்ஜ்லயே விட்டுட்டுப் போயிட்டாக. இப்ப முதலாளி, ஜெரால்டை நான் ஏத்தவே இல்லங்காரு. அந்தப் படகுல போக பாஸ் இல்லாத ஆளை ஏத்துனது தெரிஞ்சா அவருக்கு லைசென்ஸ் போயிருமாம்."

"ஊர்ல என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டார் கஸ்மீர். கேட்டிருக்க வேண்டாம்.

"கேரளாவுக்கு ஓடிட்டாருன்னு சொல்லுதாங்க. போனை வேணும்னே விட்டுட்டுப் போயிருக்காருங்காக. எம் மககிட்டயே ஒருத்தி கேட்டுட்டா."

அவள் கேட்டது ஒன்றுதான். கடலில் போனான் என்றால் போனான் என்று தெரிந்தால் போதும். அதற்கு ஒரு பூசை, அழ ஒரு நாள், மகளிடம் சொல்ல ஒரு வார்த்தை. செத்தானா ஓடினானா என்று தெரியாத ஒருவனுக்குப் பூசை வைக்கப் பங்குச் சாமியாருக்கும் மனம் வராது. கடலோரக் காவல்படையும் நான்கு பேரைத்தான் தேடுகிறது. துறைமுகக் கேமரா வாசலைத்தான் பார்க்கும். பாஸ் இல்லாத ஜெரால்டு கல் தடுப்பு வழியாகத்தான் போயிருப்பான்.

"அன்னைக்கு உங்க ஆளுக எல்லாம் அங்கனதான படம் எடுத்துட்டு நின்னாங்க? எங்கயாவது ஒரு மூலைல இருப்பாக அத்தான். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. திருவிழா டீம் பனியன் போட்டிருந்தாக. சிவப்பு."

சிவப்பு என்று அவள் சொன்னபோது கஸ்மீருக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிச்சயம் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். யார் படத்தில் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் தன்னைவிடக் கெட்டிக்காரன் உண்டா என்று ஒரு தெம்புகூட இருந்தது.

வட்டத்தின் அன்றைய படங்களை எல்லாம் திறந்து உட்கார்ந்தார். பூபாலராயரின் படம், ஜெராக்ஸ்காரரின் படம், பல்பொடிக்காரரின் படம். படகு, வானம், பறவை. ஒரு படத்திலாவது ஓரத்தில் ஓர் ஈ காக்காய் இல்லை. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அவர் வளர்த்த ஓரங்கள். இப்போதெல்லாம் எடுக்கும்போதே எல்லோரும் சுத்தமாக எடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பிறகு எமல்டாவின் படம் வந்தது. கடைசிப் படகின் பக்கவாட்டில் ஜெபமாலை என்ற எழுத்து தெளிவாக இருந்தது. அதன் பின்னால், காலியான தளத்துக்குப் பக்கத்தில், அந்தச் சின்ன அலை.

பெனிட்டா சொன்ன சிவப்பு அப்போதுதான் கஸ்மீருக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டார். மனைவி ஓடிவந்து என்ன என்று கேட்டதற்குத் திரையைக் காட்டினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கேதான் ஒன்றும் இல்லையே.

மறுநாள் படப்பதிவு அலுவலகத்தில் இருந்த அதிகாரி நல்ல மனுஷன். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, முழுசும் கேட்டார். அப்புறம் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"திருத்தம் சட்டப்படி சுத்தமா இருக்கு சார். ஒருத்தர் சொல்லியிருக்காரு, மூணு பேர் ஆமோதிச்சிருக்காங்க, எடுத்தவங்க மறுக்கல."

"எங்க வட்டத்துல எடுத்தவங்க பேசவே கூடாது சார். அது எங்க பழக்கம்."

"சட்டத்துக்குப் பழக்கம் தெரியாதே. பேசாம இருந்தா சம்மதம். பாருங்க, மாநிலத்துல உங்க ஒரு வட்டத்துலதான் இதுவரைக்கும் ஒரு மறுப்புகூட இல்ல. ஒத்துமையான வட்டம்னு பாராட்டுச் சான்றிதழ்கூட அனுப்பியிருக்கோம்."

ஆமாம், அனுப்பியிருந்தார்கள். பேக்கரி மாடியில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஆணி அடித்தவர் கஸ்மீர்தான்.

"நானே எழுதித் தாரேன் சார். அங்க ஒரு ஆள் நின்னான். நான்தான் நீக்கச் சொன்னேன். ஒருக்கா திரும்பச் சேர்க்க முடியாதா?"

"சேர்க்க வழியே கிடையாது. சரி, நீங்க எழுதித் தாறதாவே வைப்போம். நின்னது யாரு?"

"என் தம்பி."

"முகத்தைப் பாத்தீங்களா?"

கஸ்மீர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சிவப்பு எந்த இடத்தில் இருந்தது என்று விரலால் தொட்டுக் காட்ட முடியும். எவ்வளவு பெரிது, வெளிச்சம் எந்தப் பக்கம் பட்டது, எந்தக் கால் படகில் இருந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. மிளகளவு முகம் இருந்ததும் நினைவிருக்கிறது. அந்த முகத்தில் யார் இருந்தார்கள் என்பது மட்டும் இல்லை. கூடப் பிறந்தவனை அவர் பார்த்தார், பார்த்து, வேண்டாம் என்றார்.

"இல்ல சார்" என்றார்.

அதிகாரி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, சொல்ல மனமில்லாமல்தான் சொன்னார். படகு முதலாளியின் வக்கீல் இந்தப் படத்தை ஏற்கெனவே விசாரணையில் கொடுத்துவிட்டாராம். கிளம்புகிற நேரத்தில் பின்தளத்தில் யாருமில்லை என்பதற்கு அரசு முத்திரையோடு சாட்சி. "படம் இருக்கிற இடத்துல வாய்வார்த்தை எடுபடாது சார். யார் வந்து சொன்னாலும் சரி. அதுக்குத்தான இந்தச் சட்டமே வந்துச்சு. திருத்தச் சலுகை வேணும்னு நீங்கள்லாம் அப்ப ஊர்வலம்கூடப் போனீங்க." போனார்தான், பதாகை பிடித்துக்கொண்டு முன் வரிசையில் போனார்.

வட்டத்து ஆட்களிடம் போனார். எல்லோருக்கும் ஒரு சிவப்பு நினைவிருந்தது. ஒருவருக்கும் முகம் நினைவில்லை. கஸ்மீர் காட்டிய இடத்தைத்தான் பார்த்தோம், அது இடைஞ்சல் என்றுதான் பார்த்தோம் என்றார் பூபாலராயர். டாக்டர் அழாத குறை. எமல்டா டீச்சர் இரண்டு வாரமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் பூட்டு, அம்மா ஊருக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பெனிட்டாவிடம் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த மட்டில் மனுஷன். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துப் போனார். அவள் அந்தப் படத்தைத் தன் போனில் திறந்து அவர் சொன்ன இடத்தைப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்கத் தண்ணீர்தான் வந்தது. "நல்லாத்தான் இருக்கு படம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். அதற்கு அவள் செருப்பால் அடித்திருக்கலாம்.

கடலில் போனவர்களுக்கான பூசை ஒரு ஞாயிறு காலை நடந்தது. சாமியார் நான்கு பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி. நான்காவது பெயருக்குப் பிறகு அவர் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார். பெனிட்டா தலையை நிமிர்த்தினாள். கஸ்மீரும் நிமிர்ந்தார். சாமியார் பக்கத்தைப் புரட்டிப் பாட்டைத் தொடங்கினார்.

வெளியே முற்றத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் எமல்டா நின்றிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். இவர்களைக் கண்டதும் ஓடிப்போவாளோ என்று இருந்தது, ஓடவில்லை, கிட்டே வந்தாள்.

"என்னைய மன்னிச்சிருங்க அண்ணாச்சி. பயந்துபோயிட்டேன். மறுப்புச் சொல்லாதது நான்தான. சட்டப்படி எம் பேருலதான இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். அவன்னு தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரியும் அண்ணாச்சி."

கஸ்மீருக்கு உடனே விளங்கவில்லை.

"அவுகளை எனக்குத் தெரியும். அவுக மக எங்க ஸ்கூல்லதான் படிக்கா. அன்னைக்கு நான் கேமராவைத் தூக்கையில, கல்லு மேல நடந்து வந்தவுக என்னையப் பாத்துட்டாக. டீச்சர், இந்தப் படம் எங்க அண்ணன்ட்ட போவுமான்னு கேட்டாக. போவும், ஞாயித்துக்கிழமை காட்டுவேன்னு சொன்னேன். நடுவுல வந்து நில்லுங்க, நல்லா விழும்னும் சொன்னேன்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு எடுத்தாள். "வேண்டாம் டீச்சர், எங்க அண்ணன் ஓரத்தைத்தான் மொத பாப்பாரு, அதான் இங்கன நிக்கேன்னு சொல்லிட்டு, ஒரு காலைப் படகுல வச்சுக்கிட்டு அப்படியே நின்னாக. நான் எடுத்து முடிக்கிறவரைக்கும் நின்னாக. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு எந்திரிச்சேன். நீங்க விரலைத் தூக்கினீங்க."

சரி, படம் போய்விட்டது, பிறகு சொல்லிக்கொள்ளலாம், அடுத்த வாரம் சொன்னால் அண்ணாச்சி சிரிப்பார் என்று நினைத்தாளாம். நேற்று அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டாராம். படத்துக்கு எதிராகச் செல்லாது என்றும் சொன்னாராம்.

கோயிலுக்குள் யாரோ மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். பெனிட்டாதான் முதலில் வாய் திறந்தாள்.

"நின்னப்ப சிரிச்சாகளா டீச்சர்?"

"சிரிச்சாக. நல்லா கேமராவைப் பாத்து."

பெனிட்டா கஸ்மீரின் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அத்தான், அவுக எப்படிச் சிரிச்சாக?"

கஸ்மீர் வாயைத் திறந்தார். யாரும் விரலை உயர்த்தவில்லை. அவருக்குத்தான் சொல்ல ஒன்றும் தெரியவில்லை.